சவர்க்காரப் பெட்டி

சந்திரகாந்தா அதை ஒருநாளும் கார் என்று சொன்னதில்லை. பலாபத்வலச் சந்திக் கடைக்காரர்கள் வைத்த பேரைத்தான் அவளும் சொன்னாள்: சவர்க்காரப் பெட்டி. வெள்ளைச் சோப்பு நிறம், மழுங்கிய மூக்கு, இரண்டே கதவு, விரலால் தட்டினால் வெறும் பீப்பா மாதிரி ஒலிக்கும் பிளாஸ்டிக் உடம்பு. எஞ்சின் கிடையாது. ஆசனத்துக்கு அடியில் வரிசையாகக் கரண்ட் சேர்த்து வைக்கும் பட்டறிகள், அதற்கு மேல் பலகை, பலகைக்கு மேல் மெத்தை. அந்த மெத்தையில் அவள் புருசன் தர்மராஜா யானை மேல் ஊர்வலம் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவார்.

தர்மராஜா வடக்கிலிருந்து மாத்தளைக்கு உத்தியோகம் பார்க்க வந்தவர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எண்பத்துமூன்று கலவரத்தில் டவுனில் அவர் இருந்த அறைக்குத் தீ வைத்தபோது, தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாயிருந்த சந்திரகாந்தாவின் அப்பாதான் அவரைக் கூட்டிப்போய்த் தன் வீட்டுப் பின்னறையில் ஒளித்து வைத்தார். ஊர் அடங்கும்வரை சந்திரகாந்தா தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச்சம்பலும் கதவிடுக்கால் நீட்டினாள். அடங்கிய பிறகு அவர் அவளையே பெண் கேட்டார். பெரிய மனசு என்றது தோட்டம். அவளுக்கும் அப்போது அது ஆசை என்றுதான் பட்டது. ரொட்டி பழகிவிட்டது, அவ்வளவுதான் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடு சந்தியிலிருந்து மேலே ஏறும் பாதையின் உச்சியில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே இருந்தது. மிளகு முழுக்க அவள் பொறுப்பு. ஏணி வைத்து ஏறிப் பறிப்பது, காம்பு கழிப்பது, பாயில் பரப்பிக் காயவைப்பது, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவது எல்லாம் அவள் கைதான். சண்டையில் வடக்குக்குப் போகும் ஏ-நைன் பாதையை மூடும் முன் கடைசியாய் வந்து சேர்ந்த பஸ்களில் ஒன்றில் வந்திறங்கிய அவருடைய அக்கா தவமணிதேவி, விறாந்தையில் கதிரை போட்டு இருந்துகொண்டு அதைப் பார்ப்பாள். அவள் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் ரீச்சர். வந்த நாளிலிருந்து சந்திரகாந்தாவின் பேரை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. 'இவ' என்பாள். விருந்தாட்கள் வந்தால், 'தோட்டப் பக்கத்துப் பிள்ளை, பாவம், நல்லா வேலை செய்வா' என்பாள். சோறு மட்டும் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிடுவாள்.

காரை தர்மராஜா கொழும்பிலிருந்து எடுத்து வந்தார். இந்தியாவிலிருந்து இறக்கிய ஒரு கம்பனி, பட்டறி தளர்ந்ததும் கழித்துவிட்ட கார்களில் அது ஒன்று. பெற்றோல் விலை நெருப்பாய்க் கொதித்த காலம். சந்தியில் நிறுத்தி, சிரிக்கிறவர்களையே கூப்பிட்டு வைத்துப் பிரசங்கம் செய்வார். அக்சிலேற்றரை மிதித்தால் பட்டறி மோட்டருக்குக் கொடுக்கும். காலை எடுத்தால் மோட்டர் திரும்பிப் பட்டறிக்குக் கொடுக்கும். கொடுக்கிற நேரத்தில் காரைத் தானாகவே இழுத்துப் பிடிக்கும். ஏற்றத்தில் தின்றதை இறக்கத்தில் கக்குகிற வாகனம் உலகத்தில் வேறே எது? பிறேக்கை மிதிக்கவே தேவையில்லை, தனக்குப் பிறேக் சூ தேய்ந்ததே இல்லை என்று விரலை ஆட்டிச் சொல்வார். மிளகும் கறுவாப்பட்டையும் வாங்குகிற கடை வைத்திருந்த பலீல் மட்டும் சிரிக்காமல் தலையாட்டுவார். மிளகு கொண்டுவரும் சந்திரகாந்தாவின் வீட்டுக்காரர் என்ற மரியாதை.

அந்தப் பிரசங்கத்தில் சொல்லாத பாதியைச் சந்திரகாந்தா அறிவாள். ஏற்றத்தில் அது ஏறாது. மிதித்ததும் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு முதுகில் யாரோ உதைத்த மாதிரி ஒரு தாவல். அந்தத் தாவலோடு சீவன் போய்விடும். பாதை வளையும் கடைசி முடக்கில் இரண்டு பேரைச் சுமக்க மாட்டாமல் முனகும். அவர் வீதியைப் பார்த்தபடியே, "கொஞ்சம் இறங்கும்" என்பார். அவள் இறங்கிச் சாமான் பையோடு நடந்து ஏறுவாள். பாரம் குறைந்த கார் அவளைத் தாண்டி ஏறிப் போய் உச்சியில் நிற்கும். மூச்சிரைக்க அவள் வந்து சேரும்போது அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பெற்றோல் செலவில்லை என்பார். கார் வாங்கினவன் பெண்டாட்டி நடந்து போகிறாள் என்று கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவளுக்கு அவர்கள் மேல் கோபம் வந்ததில்லை. அவளாயிருந்தால் வாயைப் பொத்தியிருக்க மாட்டாள்.

அந்த மார்கழியில் அவர் பென்சனில் வந்தார். அதுவரை காருக்குக் கரண்ட் ஏற்றியது கந்தோர்ப் பின்புறத்துக் கொட்டகையில்தான். கந்தோரில் வயிறு நிறைந்து, மேடேறி வீட்டுக்கு வரும்போது அது பாதிக்கு மேல் காலியாகிவிடும். காலையில் அந்தப் பாதி வயிற்றோடுதான் இறங்கும். பென்சனுக்குப் பிறகு கொட்டகை இல்லை. வீட்டிலேயே தடித்த வயர் இழுத்து ஒரு பிளக் போட ஆள் பிடிக்கத் தை மாதம் முடிந்துவிட்டது. பிளக் வந்த அன்று கார் முதல்முறையாக வீட்டு வாசலில் நின்று முழுவயிறு குடித்தது. காலையில் முள் கடைசிக் கோட்டில் நிற்பதைக் காட்டுவதற்கு அவர் அக்காவையும் கூட்டி வந்தார்.

தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சந்தியில் மணல் மூட்டை அடுக்கி, தார்ப் பீப்பாய்களைக் குறுக்கே உருட்டிவிட்டு ஆமி நின்றது. தமிழ்ப் பேருள்ள அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முள் கடைசிக் கோட்டில் நின்ற அந்தக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பலீல் கடைக்கு மிளகு கொண்டுபோக வேண்டும். சந்திரகாந்தா பஸ்ஸில் போகத்தான் நினைத்தாள். அவர் விடவில்லை. மிளகு மூட்டையைப் பின்னால் ஏற்றி, அவளைப் பக்கத்தில் இருத்தி, இறக்கத்தில் எவ்வளவு சேரும் பாரும் என்றார்.

முதல் முடக்குத் தாண்டியதும் அவர் வழக்கம் போல் காலை எடுத்தார். வழக்கமாய் அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்த மாதிரி கார் பின்வாங்கும். சன்னமாய் ஒரு ஊளைச் சத்தமும் வரும். அன்று இழுக்கவில்லை. சத்தமும் இல்லை. கார் சும்மா வழுக்கிக்கொண்டே போனது. இரண்டாவது முடக்கில் கொழுந்துச் சாக்கு ஏற்றிய ட்ரக்டர் ஒன்று இவர்களைக் கண்டு ஓரம் ஒதுங்கியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டறி நிறைஞ்சு போச்சு," என்றார், அவளுக்குச் சொல்வது போலில்லாமல். "அதுதான் வாங்குதில்லை. வாங்காட்டி இழுக்காது."

"பிரேக்க மிதிங்க."

மிதித்தார். ஆண்டுக்கணக்காய் வேலையில்லாமல் துருவேறி, மழையில் ஊறிக் கிடந்த பிறேக், மிதிக்க மிதிக்க உள்ளே போனது. எரிகிற நாற்றம் வந்தது. வேகம் கொஞ்சம் குறைந்து, பிறகு குறையவேயில்லை. அடுத்த வளைவில் சந்தி தெரிந்தது. தார்ப் பீப்பாய்கள், மழைக்கோட்டுப் போட்ட ஆமிக்காரர்கள், கையைத் தூக்கி நிற்கச் சொல்கிற ஒருவன். பிறகு அந்தக் கை இறங்கித் துவக்கைப் பிடித்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிட்டார். சந்திரகாந்தா இரண்டு ஆசனத்துக்கும் நடுவிலிருந்த கைபிரேக்கை இரண்டு கையாலும் பற்றி, ஏணியில் கால் வழுக்கியவள் கொடியைப் பிடிப்பது போல, உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து இழுத்தாள். மணிக்கட்டில் ஏதோ பிசகியது. கார் பின்புறத்தை வீசிக்கொண்டு குறுக்காகத் திரும்பி, ஒரு பீப்பாவை உருட்டி, மணல் மூட்டையில் போய்ச் சாய்ந்து நின்றது. பின்மூடி பிளந்து மிளகு வீதி முழுவதும் சிதறியது.

துவக்குகள் நாலு பக்கமும் வந்தன. வெளியே இழுத்து மழையில் முழங்காலில் நிறுத்தினார்கள். ஒருவன் மெத்தையைக் கிழித்துப் பலகையைத் தூக்கினான். அடியில் வரிசையாய்ப் பட்டறிகளும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும் தடித்த சிவப்பு வயர்களும். அவன் பின்வாங்கி ஓடினான். சந்தி முழுவதும் வெறிச்சோடியது. காரைப் பார்த்து நாள்தோறும் சிரித்த கடைக்காரர்கள் பலகை போட்டு மூடினார்கள். அந்தக் காரைத் தெரியுமா என்று ஆமி கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. பலீல் ஒருவர்தான் கடை வாசலில் நின்று, தெரியும், மிளகு கொண்டுவருகிறவர்கள் என்று சொன்னார். அதற்காக அவரையும் ஒரு மணித்தியாலம் மழையில் நிறுத்தினார்கள்.

ஆமி இருவரையும் ஒப்படைத்த பொலிஸில் இன்ஸ்பெக்டர் தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். வெடிமருந்து ஏதும் இல்லையென்று ஆட்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. ஆமி மறித்தபோது ஏன் நிற்கவில்லை?

சந்திரகாந்தா சந்தைச் சிங்களத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பட்டறி நிறைந்திருந்தது, கார் இழுத்துப் பிடிக்கவில்லை, கால் பிரேக் கேட்கவில்லை, வழியில் அவரே அப்படித்தான் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அவரை வைத்துக்கொண்டு, பலீலின் பொறுப்பில் அவளை மட்டும் பின்னேரம் விட்டார்கள், காலையில் மறுபடி வரவேண்டும் என்று.

காலையில் நாத்தனார் தவமணிதேவியும் கூட வந்தாள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையோடு. இன்ஸ்பெக்டர் சந்திரகாந்தாவை முன்னால் இருத்திக் கேட்டார்: உன் புருசன் வேறு மாதிரிச் சொல்கிறாரே. காரில் எந்தப் பிழையும் இல்லை, பிறேக் முதல்தரம், பட்டறி பற்றித் தான் எதுவும் சொல்லவேயில்லை என்கிறார். அப்படியானால் நீங்கள் வேண்டுமென்றே ஆமியின் மேல் ஏற்ற வந்திருக்கிறீர்கள். அல்லது உங்கள் இரண்டு பேரில் ஒருவர் பொய். மத்தியானத்துக்குள் தெளியாவிட்டால் இரண்டு பேரையும் மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி ஆமி கேட்கிறது. அனுப்பினால் எப்போது வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

தர்மராஜா என்ன சொன்னார் என்பது சந்திரகாந்தாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எதற்காகச் சொன்னார் என்பதும் விளங்கியது. அதுதான் தாங்கவில்லை.

அப்போதுதான் தவமணிதேவி இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள். தன் தம்பி சாதாரண ஆள் இல்லை. எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவான். அந்தக் காரின் வயர் வேலைகளைக்கூட அவனே மாற்றியமைத்தான். அவன் கை வைத்த ஒன்றில் பிழை வரவே வராது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு, வயர் வேலையை அவனே செய்தானா என்று மறுபடி கேட்டு, ஆற அமர எழுதிக்கொண்டார். தவமணிதேவி எழுத்துக்கூட்டி உதவி செய்தாள்.

சந்திரகாந்தா எழுந்து நின்றாள். "மாத்தயா, அந்தம்மா சொல்றத எழுதாதீங்க," என்று சிங்களத்தில் சொன்னாள். "எங்க வீட்டு மாத்தயா புலி இல்ல. மோடன். மடையன். கெட்டிக்கார மோடன். நான் ஒருதரம் பாத்துப் பேசிட்டு வர்றேன்."

மூலையிலிருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கையால் பின்னறையைக் காட்டினார்.

தர்மராஜா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். சேட்டுக் கசங்கியிருந்தது. அடித்த மாதிரி இல்லை. அவள் கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை எடுக்காமல் கேட்டார்.

"நீர் ஏன் அப்பிடிச் சொன்னீர்?"

"நடந்ததத்தான் சொன்னேன்."

"காரிலை பிழை எண்டு சொல்லிப்போட்டீர். நாளைக்குச் சந்தியிலை நான் எப்பிடி நடக்கிறது? அக்காவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"பட்டறி நெறஞ்சிருச்சுன்னு நீங்க சொன்னீங்களா இல்லியா?"

அவர் சுவரைப் பார்த்தார். "இவங்களுக்கு அது விளங்காது."

"அவுங்களுக்கு வெளங்க வேணாம். நான் பொய் சொல்றேன்னு ஒங்க வாயால எழுதிக் குடுத்திருக்கீங்களே, அது ஒங்களுக்கு வெளங்குதா? என்னையும் சேத்து அனுப்பப் போறாங்க."

இருபத்தைந்து வருசத்தில் அவள் பார்த்துப் பழகிய மௌனம்தான். கறியில் உப்புக் கூடினால் அவள் பிழை. கூரை ஒழுகினால் ஓடு போட்டவன் பிழை. அவர் பிழை என்று ஒன்று வந்தால் இந்த மௌனம். ஒருவேளை பயத்தில்தான் மாற்றிச் சொன்னாரோ என்று பின்னறைக்கு வரும்போது அவள் தனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்திருந்தாள். முகத்தைப் பார்த்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று. அவர் பயந்த மாதிரியே தெரியவில்லை. ரோசப்பட்ட மாதிரித்தான் இருந்தார்.

"மோடன்னு பேரு வாங்குறதுக்குப் புலின்னு பேரு வாங்கிக்கலாம்னு இருக்கீங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "சரி. நான் போயி, நான் சொன்னதுதான் பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன். காரு நல்ல காரு. பிரேக்கு நல்ல பிரேக்கு. நீங்க சொன்னதெல்லாம் சரி. சரியாவே இங்க உக்காந்திருங்க. நானும் பக்கத்து ரூம்புல உக்காந்துக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக் கதவுவரை போய்விட்டாள். பயமுறுத்தச் சொன்னதல்ல. உண்மையிலேயே அவளுக்கு அலுத்துவிட்டது.

"நில்லும்," என்றார் அவர்.

அவர் கொடுத்த இரண்டாவது வாக்குமூலம் நீண்டது. வேகம் எடுக்கும்போது கரண்ட் எந்தப் பக்கம் ஓடும், காலை எடுத்தால் எந்தப் பக்கம் திரும்பும், நிறைந்த பட்டறி ஏன் வாங்காது என்று, உத்தியோகத்துக்காகப் பரீட்சை எழுதிப் பாஸான சிங்களத்தில், விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்துக்கொண்டு கேட்டார். கார் நின்ற இடத்துக்குப் போய்க் கான்ஸ்டபிளைக் கொண்டு பிறேக்கை மிதிக்க வைத்தார்கள். கால் அடிவரை போனது. திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் தானே ஒரே வரி எழுதினார்: சாரதியின் மடத்தனத்தால் பிறேக் பழுதாயிருந்தது, அதனால் வாகனம் நிற்கவில்லை. தர்மராஜா அதை வாங்கி வாசித்தார். மடத்தனம் என்ற சொல்லில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆட்களை அன்றே விட்டார்கள், காரை ஆமிக்காரர்கள் இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார்கள். அதற்கிடையில் மழை விட்டிருந்தது. சிதறிய மிளகில் அள்ள முடிந்ததை பலீலின் கடைப் பையன்கள் அள்ளி வைத்திருந்தார்கள். பாதி மண்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். பலகை போட்டு மூடியவர்கள்தான் முதலில் வந்தவர்கள். விறாந்தை நிறைந்தது. சந்திரகாந்தா, சிங்கள வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டிவிட்ட கையோடு தட்டில் பாலில்லாத பிளேன்டீயும் தொட்டுக்கொள்ளச் சீனியும் கொண்டுவந்து கொடுத்தாள். பொலிஸில் மரியாதையாக நடத்தினார்களா என்று ஒருவர் கேட்டார். இன்ஸ்பெக்டரே கதிரை போட்டு இருத்தித் தன் தம்பியிடம் விளக்கம் கேட்டதாகத் தவமணிதேவி சொன்னாள். இவ பக்கத்தில் இருந்து பயந்து ஸ்டியரிங்கைத் தட்டிவிட்டிருப்பா, அதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்றும் சொன்னாள். எல்லோரும் சந்திரகாந்தாவைப் பார்த்தார்கள். அவள் தர்மராஜாவைப் பார்த்தாள்.

தர்மராஜா தொண்டையைச் செருமினார். அக்கா சொன்னது சரியில்லை என்றார். சந்திரகாந்தா தட்டோடு அவர் பக்கம் ஓரடி வைத்தாள். அவர் தொடர்ந்தார். இதில் ஒருவருக்கும் தெரியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. காரைச் செய்தவனே இதை யோசித்திருக்க மாட்டான். மேட்டில் இருக்கிறவன் பட்டறியை முழுக்க நிரப்பக் கூடாது. நிறைந்த பட்டறி இறக்கத்தில் வாங்காது, வாங்காவிட்டால் இழுக்காது. அனுபவத்தில் தான் கண்டுபிடித்தது. கேட்டவர்கள் ஓகோ என்றார்கள். சில நாளைக்கு முன் அந்தக் காரைத் தெரியாது என்ற ஒருவர், சேருக்கு மூளை என்றார்.

பலீல் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்.

"அப்ப சேர்," என்றார், "பட்டறியும் இழுக்கல்ல, பிரேக்கும் புடிக்கல்ல. காரை நிப்பாட்டினது யாரு?"

தர்மராஜாவின் பார்வை பச்சிலைக் கட்டில் ஒருகணம் விழுந்தது. பிறகு கோப்பைக்குப் போனது.

"அது தானா நிண்டது," என்றார்.

சந்திரகாந்தா காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் தட்டில் வைத்தாள். அவருடையதில் பாதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குசினியில் தன் பங்கை ஊற்றி, சீனியை நக்கி நக்கி, நின்றபடியே கடைசிவரை குடித்தாள். கை வலித்தது. மனசு வலிக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது. அழுகிய பலாக்காயைக் கத்தி வைக்கும் முன்பே தெரிந்துகொண்டவள் மாதிரி இருந்தாள்.

அடுத்த கிழமை மிளகு காய்ந்தது. தர்மராஜா புதுப் பிறேக் சூ போட்டு, பட்டறியைப் பாதிக்கு மட்டும் நிரப்பி, வாசலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்தாள்.

"ஏறும்," என்றார். "ஏன் நடக்கிறீர்? இனிப் பயமில்லை."

அவள் நின்று, மூட்டை சரியாதபடி கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"தானா நிக்கிற காருக்கு நான் என்னாத்துக்குங்க?" என்றாள். பஸ்ஸுக்கு இறங்கினாள்.